துண்டுக்குள் குதிரை விலை!

“இந்தக் குதிரை என்ன விலை?”

அந்தியூர்ச் சந்தையில் இப்படிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். “வாங்கறவருங்களா, வேடிக்கை பாக்கறவருங்களா?” என்று திருப்பிக் கேட்பார்கள். வாங்குகிறவர் என்று தெரிந்தால் போதும். தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வரும். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் சேரும். விரல்கள் பேச ஆரம்பித்துவிடும். வாய் பேசாது!

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் என்று ஒரு ஊர். அங்கே குருநாதசாமி கோவில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் அந்தக் கோவிலில் பெரிய திருவிழா. திருவிழாவை ஒட்டிக் கால்நடைச் சந்தை. தமிழ்நாட்டில் குதிரைச் சந்தை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்க இங்கே ஆள் வந்தார்கள் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து அந்தியூர் 300 கிலோமீட்டருக்கு மேல். நமக்கு ஆடி என்றால் தபசுதான். கோமதி அம்மன் தவம் இருந்து, அரியும் சிவனும் ஒன்றே என்று கண்ட நாள். அந்தக் கூட்டமெல்லாம் கலைந்து, ராட்டினக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் அந்தியூருக்குப் புறப்பட்டார்கள். ஒருவர் விவசாயி. மற்றவர் அவருடைய மைத்துனர். நானும் கூடப் போனேன்.

பெயர் போட வேண்டாம் என்று விவசாயி கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லாரும் அவரை ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

எதற்குக் குதிரை?

அண்ணாச்சியின் தகப்பனார் ஜட்கா வண்டி ஓட்டியவர். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ரயில் நிலைய வாசல்களில் ஜட்கா நிற்கும். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்திருக்கும். முன்னால் ஆள் அதிகமானால் “பின்னால தள்ளி உக்காருங்க” என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். ஆட்டோ வந்தது. மினி பஸ் வந்தது. ஜட்கா போய்விட்டது. அண்ணாச்சியின் வீட்டிலும் குதிரை போய்விட்டது. கொட்டகை மட்டும் இருந்தது.

இப்போது குதிரைக்கு வேறு வேலை வந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்கிறார்கள். காது குத்துக்குக் கேட்கிறார்கள். கோவில் விழாவுக்குக் கேட்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் வாடகைக்குக் குதிரை கிடைப்பதில்லை. பருத்தி விற்ற பணம், மனைவி கட்டிய சீட்டுப் பணம், இரண்டையும் சேர்த்து ஒரு குதிரை வாங்கிவிடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார்.

அவர் மனைவி சொன்னது ஒன்றே ஒன்று. “பாக்க லெட்சணமா இல்லாட்டாலும் பரவாயில்ல. சாதுவா இருக்கணும். வீட்ல பிள்ளைக இருக்கு.”

சீட்டுப் பணம் போட்டவருக்கு அந்த உரிமை உண்டல்லவா?

சந்தைக்குள்ளே

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோவிலுக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கம். பொரி, பேரீச்சம்பழம், வளையல் கடைகள் ஒரு பக்கம். மறுபக்கம் முழுவதும் கால்நடை.

காங்கேயம் காளைகள் நிற்கின்றன. அந்தியூருக்கு மேலே இருக்கும் பர்கூர் மலையிலிருந்து வந்த செம்பழுப்பு மாடுகள் நிற்கின்றன. அவற்றின் உடம்பில் சுண்ணாம்பை அள்ளித் தெளித்தது மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஆடுகள் உண்டு. சேவல் உண்டு. ஆனால் குழந்தைகள் நிற்பது குதிரைக்கு முன்னால்தான். தகப்பன்மார் கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டேன் என்கிறார்கள்!

மார்வாரிக் குதிரை ராஜஸ்தானத்து ஜாதி. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். காதைப் பார்த்தால் போதும். இரண்டு காதுகளும் உள்பக்கமாக வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். குஜராத்தின் கத்தியவார்க் குதிரைக்கும் அப்படித்தான். உடம்பு முழுக்க வெள்ளையாக இருப்பதை ‘நுக்ரா’ என்கிறார்கள். கல்யாண ஊர்வலக்காரர்களுக்கு அதன்மேல்தான் கண். மேளத்துக்கு ஏற்றபடி கால் மாற்றிப் போடும் நாட்டியக் குதிரைகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பேச்சு லட்சத்தில்தான். நம் பக்கத்து மட்டக் குதிரைகள் ஓரமாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் கூட்டம் இல்லை.

அண்ணாச்சி நேரே ஒரு வெள்ளைக் குதிரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். கழுத்தில் சலங்கை. நெற்றியில் குஞ்சம். பளபளவென்று தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். தரகர் ஓடி வந்தார்.

“ஆறே வயசுங்க. மாப்பிள்ளைய ஏத்தி வுட்டீங்கன்னா ஊரே திரும்பிப் பாக்குமுங்க!”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. மைத்துனரின் முகம் மலரவில்லை. அவர் சின்ன வயதில் ஒரு வண்டிக்காரரிடம் எடுபிடியாக இருந்தவர்.

“அத்தான், செத்த பொறுங்க. பல்லப் பாத்துருவோம்” என்றார்.

வாயைத் திற!

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே தீரவேண்டும். குதிரை தன் பிறந்த நாள் ஜாதகத்தை வாயில் வைத்திருக்கிறது!

முன்வரிசைப் பற்களைப் பாருங்கள். குட்டிக்கு முளைப்பது பால் பல். சுமார் இரண்டரை வயதில் நடுப் பற்கள் விழுந்து புதுப் பல் முளைக்கும். மூன்றரை வயதில் அவற்றுக்கு அடுத்தவை. நாலரை வயதில் ஓரப் பற்கள். ஆக, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பிறகு பல்லின் மேல்பரப்பில் கறுப்பாகக் குழி தெரியும். மென்று மென்று பல் தேயத் தேய, கீழ்ப் பற்களில் இருக்கும் குழி மறைந்துகொண்டே வரும். எட்டு வயதுக்குள் அநேகமாக மறைந்துவிடும்.

குழி மறைந்த பிறகு எப்படி வயது சொல்வது? அதற்கும் வழி உண்டு. மேல்வரிசை ஓரப் பல்லில் சுமார் பத்து வயதில் ஒரு கோடு ஆரம்பிக்கும். ஈறின் ஓரத்தில் தெரிய ஆரம்பித்து, வருஷா வருஷம் கீழே இறங்கும். பதினைந்து வயதில் பாதிப் பல் வரை வரும். இருபதில் பல்லின் நுனி வரை வந்துவிடும்.

இது தெரிந்த கெட்டிக்காரர்கள் உலகமெங்கும் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். கிழட்டுக் குதிரையின் தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கறுப்பாக்கி, இளம் குதிரை என்று தள்ளிவிடுவார்கள். குழியைத்தான் தோண்ட முடியும். ஓரப் பல்லின் கோட்டை என்ன செய்வது?

மைத்துனர் வெள்ளைக் குதிரையின் மேல் உதட்டைத் தூக்கினார். கோடு பாதிப் பல்லைத் தாண்டியிருந்தது.

“ஆறு வயசுன்னு சொன்னது ஒரு காலுக்கா? நாலு காலையும் கூட்டினா எம்புட்டு?” என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தரகரும் சிரித்தார். கோபமே இல்லை. அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். சந்தையில் இது சகஜம்.

பல்லுக்கு அடுத்தது கால். குதிரையை ஓட்டிக் காட்டுவார்கள். அதில் மயங்கக்கூடாது. வேகத்தில் நொண்டல் தெரியாது. கெட்டித் தரையில், கயிற்றைத் தளர விட்டு, மெதுவாக நடத்திக் காட்டச் சொல்ல வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். பிறகு நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். பின்னால் நின்று பார்க்கக்கூடாது! குதிரையின் குணம் தெரிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொம்புக்குப் பதிலாகப் பின்னங்கால் இருக்கிறதே!

இன்னொன்று கிளாண்டர்ஸ் என்னும் தொற்று நோய். குதிரைக்கு வந்தால் மனிதருக்கும் ஒட்டும். தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழி இல்லை. ஆகையால் கால்நடை மருத்துவரின் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்க வேண்டும். சந்தைச் சந்தோஷத்தில் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கண்ணீர்ச் சுழி

ஓரத்தில் ஒரு பெட்டைக் குதிரை நின்றது. காபி நிறம். சலங்கை இல்லை, குஞ்சம் இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பழனியில் ஜட்கா ஓட்டினவராம். மகன்கள் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். இவருக்கு முட்டி வலி. இனி வண்டி ஏற முடியாது.

“என்ன வயசு ஐயா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“பத்து முடிஞ்சுதுங்க தம்பி. வாயத் தொறந்து பாத்துக்கங்க.”

மைத்துனர் பார்த்தார். ஓரப் பல்லில் கோடு அப்போதுதான் எட்டிப் பார்த்தது. பெரியவர் சொன்னது சரி. குதிரை இருபது, இருபத்தைந்து வயதையும் தாண்டி வாழும் பிராணி. பத்து வயது நடு வயதுதான். மைத்துனர் வயிற்றின் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார். குதிரை அசையவில்லை. ஒரு சின்னப் பையன் வாலைத் தொட்டுவிட்டு ஓடினான். அப்போதும் அசையவில்லை!

“இவ்வளவு நல்ல குதிரைய ஏன் யாரும் கேக்கல?”

பெரியவர் எழுந்தார். குதிரையின் முகத்தைத் திருப்பினார். இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். மயிர் சுருண்டு ஒரு சின்னச் சுழி. கண்ணீர் வடிந்த தடம் மாதிரி இருந்தது.

“நீங்களாப் பாக்கறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். இந்தச் சுழிக்குத்தான் எல்லாரும் வெலகிப் போறாங்க.”

சுழி பார்ப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. பாண்டவரில் நகுலன் குதிரை சாஸ்திரம் தெரிந்தவன். விராட ராஜனின் அரண்மனையில் ஒளிந்திருந்த வருஷத்தில் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டான். அவன் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டது. கழுத்தில் ‘தேவமணி’ என்ற சுழி இருந்தால் அதிர்ஷ்டம் என்பது பழைய நம்பிக்கை. ராஜஸ்தானத்திலும் அதை ஏறக்குறைய அதே பெயரால் சொல்கிறார்கள். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வாங்கின வீட்டில் கண்ணீர் வரும் என்பார்கள்.

சுழியால் குதிரை நொண்டாது. சுழியால் அது உதைக்காது. ஆனால் சுழியால் விலை இறங்கும். பல்லில் மோசம் செய்த வெள்ளைக் குதிரையைச் சுற்றிக் கூட்டம். உள்ளதைச் சொன்ன பெரியவரிடம் ஆள் இல்லை. என்னைக் கேட்டால் சுழியைப் பார்க்கிற நேரத்தில் குளம்பைப் பார்க்கலாம் என்பேன். ஆனால் பணம் போடுகிறவர் நான் இல்லையே!

அண்ணாச்சி தயங்கினார். முகத்தில் வியர்த்தது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரியவர் சொன்னார்: “தம்பி, இது பொறந்ததுலருந்து எங்க வூட்லதான் நிக்குது. இது வந்த பொறகு மூணு கல்யாணம் பண்ணிப்போட்டேன். ரெண்டு பேரன், ஒரு பேத்தி. அழுகையெல்லாம் எல்லா வூட்லயும்தான் இருக்குது. அதுக்குக் குதிர என்னங்க பண்ணும்?”

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்று அண்ணாச்சி டீக்கடைக்கு நடந்தார்.

காயல் துறைமுகத்தில்...

அவர் யோசிக்கட்டும். அதற்குள் ஒரு பழைய கதை.

நம் திருநெல்வேலிச் சீமையே ஒரு காலத்தில் உலகப் பெயர் பெற்ற குதிரைச் சந்தையாக இருந்தது! தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் பழையகாயல் இருக்கிறது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்த ஊர். பாண்டியர் காலத்தில் அது பெரிய துறைமுகம். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அங்கே கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கரைக்கு வந்து, இதை எழுதி வைத்திருக்கிறார்.

வசாஃப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர் சொல்லும் கணக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தானாம்!

ஏன் அத்தனை குதிரை? வருஷா வருஷம் வாங்கியது வருஷா வருஷம் செத்தது. நம் ஊர் வெப்பம் ஒரு காரணம். தீனி இன்னொரு காரணம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைக்கு வைத்தியம் தெரிந்த ஆளை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லை என்றும் சொல்கிறார். வைத்தியர் வந்தால் குதிரை பிழைக்கும். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் என்ன ஆவது?

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. தப்பான தீனி வயிற்றுக்குள் போனால் திரும்பி வர வழி இல்லை. வயிறு உப்பி, விழுந்து புரண்டு, சில மணி நேரத்தில் செத்துவிடவும் கூடும். இன்றைக்கும் குதிரை வளர்ப்பவர் பயப்படுவது இந்த வயிற்று வலிக்குத்தான். புல்தான் முதல் தீனி. கொள்ளு, தவிடு எல்லாம் அளவோடு. கல்யாண வீட்டில் ஆசையாக யாராவது லட்டை நீட்டினால் தடுக்க வேண்டும்.

துண்டு இறங்கியது

டீ முடிந்தது. அண்ணாச்சி எழுந்தார். கோவில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “வாங்குவோம் மாப்ள” என்றார்.

பெரியவருக்குத் தெரிந்த ஒரு தரகர் வந்தார். துண்டை விரித்தார். முதலில் பெரியவரின் கையைப் பிடித்தார். பிறகு அண்ணாச்சியின் கையைப் பிடித்தார்.

எப்படிப் பேசுகிறார்கள்? ஆயிரத்திலா, பத்தாயிரத்திலா என்பதை மட்டும் முதலில் ஜாடையாகச் சொல்லிக்கொள்வார்கள். பிறகு விரல்தான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டு விரலுக்கு இரண்டு. கையைச் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அதற்கு மேலே உள்ள எண்களுக்குச் சந்தைக்குச் சந்தை வழக்கம் மாறும். விரலைத் தட்டிவிட்டால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியக்கூடாது!

இதுவும் பழைய வித்தை. வர்த்தேமா என்ற இத்தாலிக்காரர் கோழிக்கோட்டுக்கு வந்து, வியாபாரிகளும் தரகர்களும் துணிக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசியதைப் பார்த்தார். 1510-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. 500 வருஷம் ஆகியும் துண்டு மாறவில்லை.

ஏன் மறைக்க வேண்டும்? கூவி ஏலம் விட்டால் என்ன?

விற்கிறவரைக் கேட்டால் ஒரு காரணம் சொல்கிறார். பத்துப் பேர் முன்னால் ஒருவர் குறைத்துக் கேட்டுவிட்டால், பதினோராவது ஆள் அதற்கும் குறைத்துக் கேட்பார். துண்டுக்குள் கேட்டது துண்டோடு போய்விடும். வாங்குகிறவரும் ஒரு காரணம் சொல்கிறார். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கூட்டத்துக்கு ஏன் தெரிய வேண்டும்? கேட்டுவிட்டு வாங்க முடியாமல் போனாலும் அவமானம் இல்லை.

ஏலத்துக்கும் ஒரு பைத்தியம் உண்டு. 2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு ஏலம் நடந்தது. இரண்டு வயதுப் பந்தயக் குதிரை. பெயர் ‘தி கிரீன் மங்கி’. இரண்டு பெரும் பணக்காரக் கூட்டத்தார் மாறி மாறிக் கேட்டார்கள். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனம் இல்லை. கடைசியில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. அந்தக் குதிரை மொத்தம் மூன்று பந்தயம்தான் ஓடியது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை! துண்டுக்குள் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா?

ஆனாலும் துண்டு புது ஆளுக்கு நல்லதல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏலத்தில் முந்தின குதிரை என்ன விலைக்குப் போனது என்று காதில் விழும். அதை வைத்து மனசுக்குள் கணக்குப் போடலாம். துண்டில் எதுவும் காதில் விழாது. தரகர் மட்டும் இரண்டு கையையும் பிடிக்கிறார். அவருக்கு மட்டும் இரண்டு விலையும் தெரியும். நடுவில் உள்ள வித்தியாசம் யாருடைய மடிக்குப் போகிறது என்பது தரகரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. நேர்மையான தரகர்கள் உண்டு. அவர்களை முதல் தடவை சந்தைக்கு வருகிறவர் எப்படி அடையாளம் காண்பார்?

அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். தரகரின் கையை விட்டுவிட்டு, “நீங்க இருங்க. நான் ஐயாகிட்டயே பேசுதேன்” என்றார். தரகர் முகம் சுருங்கியது. “உங்களுக்கு உண்டான தரகு வந்துரும், அதுல கொறை வராது” என்றதும் தெளிந்தது.

துண்டுக்குள் பெரியவரின் கையும் அண்ணாச்சியின் கையும் சேர்ந்தன. இரண்டும் வேலை செய்து காய்த்துப்போன கைகள். பெரியவர் ஒரு விரலைப் பிடித்தார். அண்ணாச்சி தட்டிவிட்டார். அண்ணாச்சி பிடித்தார். பெரியவர் தலையை ஆட்டினார். இப்படி ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. மேளச் சத்தம் கேட்டது.

திடீரென்று பெரியவர் கையை எடுத்துக்கொண்டார்.

“வெல கெடக்கட்டும் தம்பி. ஒண்ணு கேக்கறேன். இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?”

அண்ணாச்சி சொன்னார். கல்யாண ஊர்வலம், கோவில் விழா.

“அது சரி. வயசாகி ஊர்வலத்துக்கு ஆகாமப் போனா?”

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பெரியவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஓய்ந்துபோன குதிரையை வீதியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊட்டியில் அப்படி அவிழ்த்து விடப்பட்ட குதிரைகள் கடைவீதியில் குப்பையைக் கிளறித் திரிவதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. மாடு கிழமானாலும் அதற்கு ஒரு விலை உண்டு. கிழட்டுக் குதிரையை யார் வாங்குவார்கள்? அது சும்மா நின்றாலும் தினம் தீனி வேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் பார்க்க வேண்டும்.

மைத்துனர்தான் வாயைத் திறந்தார். “அத்தானோட அப்பா கடேசிக் குதிரைய விக்கல ஐயா. அது செத்ததும் எங்க காட்டுலதான் குழி தோண்டிப் பொதச்சோம். நானும் மம்பட்டி புடிச்சேன். அந்த எடத்துல இப்பம் ஒரு வேப்பமரம் நிக்கி.”

பெரியவர் அண்ணாச்சியைப் பார்த்தார். மறுபடியும் துண்டை இழுத்துக் கையின் மேல் போட்டார். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“சரிங்க” என்றார்.

கயிறு மாறியது

பணம் எண்ணினார்கள். அதையும் துண்டுக்குள்தான் எண்ணினார்கள்! என்ன விலை என்று நான் கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். பெரியவரும் சிரித்தார். தரகர் வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் கயிறு. விற்கிறவர் பிராணியைக் கொடுப்பார். கயிற்றைக் கொடுக்க மாட்டார். கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து பூட்ட வேண்டும். பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிற்றை மாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு அந்தக் குதிரையின் நல்லது கெட்டது எல்லாம் வாங்கினவர் பாடு.

இந்த வழக்கம் திருவிளையாடல் கதையிலேயே வருகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் பணத்தைக் கோவிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவபெருமானே குதிரை வியாபாரியாக மதுரைக்கு வந்தார். நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுவந்தார். பாண்டியனின் ஆட்களிடம் கயிறு மாற்றிக் கொடுத்தார். அன்று இரவே குதிரைகள் நரிகளாகிவிட்டன! பாண்டியன் யாரிடம் போய்க் கேட்பது? கயிறு மாறிவிட்டதே! மாணிக்கவாசகரைப் பிடித்துத் தண்டித்தான்.

அண்ணாச்சி கடைவீதியில் வாங்கிய மஞ்சள் நைலான் கயிற்றை எடுத்தார். மைத்துனர் மாட்டினார். பெரியவர் தன் பழைய கயிற்றை மெதுவாக உருவிக்கொண்டார். “ராத்திரி தண்ணி குடிக்கறப்ப மொதல்ல மோந்து பாக்கும். அவசரப்படுத்தாதீங்க. எடி வுழுந்தா மட்டும் பயப்படும். அப்ப பக்கத்துல நின்னா போதும்” என்றார். இதை இரண்டு தடவை சொன்னார்.

சின்ன லாரி ஒன்று தயாராக இருந்தது. பலகை சாய்த்து, மேலே வைக்கோல் போட்டிருந்தார்கள். குதிரை பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றுவிட்டது. இழுத்தார்கள். நகரவில்லை. பெரியவர் முட்டி வலியோடு தானே முதலில் பலகை ஏறினார். குதிரை பின்னாலேயே ஏறிவிட்டது. அவர் இறங்கினார்.

அண்ணாச்சியின் போன் அடித்தது. சங்கரன்கோவிலிலிருந்து மனைவி.

“வாங்கியாச்சா? எம்புட்டு?”

“வந்து சொல்லுதேன்.”

“சாதுவா இருக்கா?”

அண்ணாச்சி லாரிக்குள் பார்த்தார். அடைத்த கதவின் மேலே குதிரையின் தலை தெரிந்தது. கீழே பெரியவர் பழைய கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைகளக் கொட்டகையக் கூட்டி வைக்கச் சொல்லு. விடியுமுன்ன வந்துருவோம்” என்றார் அண்ணாச்சி.